லீட்டும் கஸ்டமரும் கலந்துபோன கான்டாக்ட் சாஃப்ட்வேர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சொட்டுநீர், மோட்டார் பம்பு, மாங்கன்று, சோலார் என்று கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எதை விற்கும் கடையாக இருந்தாலும் கான்டாக்ட் சாஃப்ட்வேர் கெட்டுப்போகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தொடக்கத்தில் எல்லாரும் ஆர்வமாகப் பதிவார்கள். அப்புறம் பழைய பார்ட்டிக்குப் புதுப் பார்ட்டி மாதிரி போன் போகும். விசாரித்துவிட்டுப் போனவர் யாருடைய கணக்கிலும் இல்லாமல் விடுபட்டுப் போவார். கடைசியில் முதலாளி பழைய என்கொயரி நோட்டையே மறுபடி எடுத்து வைத்துக்கொள்வார். சாஃப்ட்வேரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். மாற்றினாலும் அதே குழப்பம் புது இடத்துக்குக் குடிவந்துவிடும். கோளாறு பெரும்பாலும் பதிகிற முறையில்தான் இருக்கிறது.

இந்தக் கோளாறுகளில் பலவற்றுக்கு வேர் ஒன்றே. ஆளையும் அவருடைய விசாரணையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். போன வருடம் ஐந்து ஏக்கருக்குச் சொட்டுநீர் போட்ட விவசாயி இந்த வருடம் சோலார் பம்புக்கு விலை கேட்கிறார். அவர் லீட்டா (விசாரித்திருக்கிறார், இன்னும் வாங்கவில்லை), கஸ்டமரா? ஆள் பழைய கஸ்டமர், விசாரணை புதியது. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத முயன்றால் ஒன்று அழியும், அல்லது அவருக்கு இரண்டாவது கார்டு முளைக்கும். ஆளுக்கு ஒரே கார்டு, விசாரணை ஒவ்வொன்றுக்கும் அதன் கீழே தனி என்ட்ரி. கீழே வரும் தீர்வுகள் எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குத் திரும்ப வைக்கும் வழிகள்தான்.

கை வைக்கும் முன் முழுப் பட்டியலையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பாக இறக்கி, தேதி போட்டு, தனியாக வைத்துவிடுங்கள். அந்தக் கோப்பை எக்செலில் திறந்து பார்த்துக்கூட சேமிக்க வேண்டாம், ஏன் என்று பின்னால் வருகிறது. போன் நம்பர்களை கூகுள் கான்டாக்ட்ஸில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு: கடந்த 30 நாளுக்குள் எந்த நேரத்தில் இருந்த நிலைக்கும் பட்டியலைத் திருப்பலாம். மற்ற சாஃப்ட்வேரில் அப்படி எதிர்பார்க்காதீர்கள்.

உங்களிடம் பல அறிகுறிகள் சேர்ந்தே இருந்தால் முதலில் எக்செல் கோளாறு, அடுத்து ஊர்ப்பெயர், அதற்கப்புறம் இரட்டைக் கார்டு, கடைசியில் நிலை மாற்றம் என்ற வரிசையில் போங்கள். எண்கள் ஒழுங்காகாமல் கார்டுகளை இணைக்கப் போனால் பாதி இரட்டைகள் கண்ணில் படாது.

அறிகுறி: ஒரே பார்ட்டி இரண்டு மூன்று கார்டில் இருக்கிறார்

நன்றாகத் தெரிந்த பழைய பார்ட்டி ஒருவரின் எண்ணை எடுத்து, வெறும் பத்து இலக்கமாக ஒரு முறை, முன்னால் 0 போட்டு ஒரு முறை, +91 போட்டு ஒரு முறை, ஐந்துக்கு அப்புறம் இடைவெளி விட்டு ஒரு முறை தேடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு கார்டு வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நமக்கு அவை ஒரே எண். பல சாஃப்ட்வேர்களுக்கு நான்கும் நான்கு எண்கள்.

பெயரை வைத்து இரட்டைகளைப் பிடிக்க இந்த இரண்டு மாவட்டத்தில் வழியே இல்லை. மாதையன், முனியப்பன், மாது என்ற பெயர்களில் ஒரு ஊரிலேயே நாலு பேர் இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக இருக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பெயர்கள் வரும்போது ஒரு பையன் தமிழில் பதிவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் பதிவார், ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஆகவே அடையாளம் போன் நம்பர்தான். அந்தக் கட்டத்தை 'இரண்டு முறை வரக்கூடாது' என்று சாஃப்ட்வேரின் அமைப்பில் (செட்டிங்ஸ்) பூட்டிவிடுங்கள். ஜோஹோ சிஆர்எம் என்ற கான்டாக்ட் சாஃப்ட்வேரில் நீங்கள் விரும்பும் கட்டத்துக்கு இந்தப் பூட்டைப் போடலாம். ஹப்ஸ்பாட் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் வழக்கமாக மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்கும். நம் பார்ட்டிகளில் பெரும்பாலானோருக்கு மின்னஞ்சல் கட்டம் காலியாகவே இருக்கும் என்பதால், அங்கே இரட்டைகள் தடையின்றி உள்ளே வரும். பதிவதற்கு முன் எண்ணைத் தேடிப் பார்ப்பதை அங்கே கட்டாயப் பழக்கமாக்க வேண்டும்.

எந்த வடிவம் வைத்துக்கொள்வது? சாஃப்ட்வேரிலிருந்தே வாட்ஸ்அப் அனுப்புவதாக இருந்தால் +91 சேர்த்து, இடைவெளி இல்லாமல். இல்லையென்றால் வெறும் பத்து இலக்கம் போதும். எதுவானாலும் எல்லாக் கார்டிலும் அதுவே. லேண்ட்லைனுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். கிருஷ்ணகிரி 04343, தருமபுரி 04342, ஓசூர் 04344 என்ற கோடுகள் மொபைல் கட்டத்தில் விழுந்தால் தேடல் மறுபடி கெடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அவசரப்பட்டால் நல்ல தகவலே அழிந்துபோகும். கிராமத்தில் ஒரு போன் நம்பர் என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு வீடு. பட்டா அப்பா பெயரில் இருக்கும். கடைக்குப் போன் செய்வது பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன். பணம் கொண்டுவந்து கட்டுவது தம்பி. சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பம் போடும்போது பட்டாதாரர் பெயர்தான் வேண்டும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் என்பதால் சிட்டா யார் பெயரில் என்பதே தொகையை மாற்றிவிடும். மகன் எண்ணும் அப்பா எண்ணும் ஒன்றாக இருக்கிறதே என்று மகன் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு அப்பா கார்டை அழித்தால், கொட்டேஷன் தப்பான பெயரில் போகும்.

கார்டு இப்படி இருந்தால் போதும்:

பட்டாதாரர்: மாதையன், த/பெ சின்னசாமி
பேச வேண்டியவர்: மகன், இரவு 8 மணிக்கு மேல்
எண்: மகனுடையது
இரண்டாவது எண்: வீடு
ஊர்: பாலக்கோடு பக்கம், வட்டம் பாலக்கோடு
வாங்கியது: சொட்டுநீர், 5 ஏக்கர், மா
இப்போது கேட்பது: சோலார் பம்பு (கீழே தனி என்ட்ரி)

இணைக்கும்போது மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண், பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் தாராளமாக இணைக்கலாம். எண் ஒன்று, பெயர் வேறு என்றால் அது ஒரே வீடா, அல்லது விட்டுப்போன சிம்மை வேறு ஒருவர் வாங்கிவிட்டாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். பெயரும் ஊரும் ஒன்று, எண் வேறு என்றால் தொடவே வேண்டாம், அவர் அடுத்த முறை கடைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இணைத்ததைப் பிரிக்கும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் கிடையாது. இரட்டைக் கார்டு தொந்தரவுதான், ஆனால் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால் பாக்கிக் கணக்கே மாறிப்போகும்.

அறிகுறி: பழைய கஸ்டமருக்கு 'புதிய வாடிக்கையாளர் சலுகை' போய்விடுகிறது

எட்டு வருடமாக உங்களிடமே வாங்கும் ஒருவருக்கு 'எங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறோம்' என்று மெசேஜ் போனால் அவர் மனதில் என்ன ஓடும்? அதிலும், அவருக்குக் கிடைக்காத விலை அதில் இருந்தால் நேராகக் கடைக்கே வந்து கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

இரண்டு காரணத்தால் இது வரும். முதலாவது, விற்பனை முடிந்ததும் கஸ்டமர் பக்கத்தில் புதிதாக ஒரு கார்டு போட்டுவிட்டு லீட் பக்கத்துக் கார்டை அப்படியே விட்டுவிடுவது. ஜோஹோ சிஆர்எம் மாதிரி லீட்டுக்கும் கான்டாக்டுக்கும் தனித்தனிப் பகுதி உள்ள சாஃப்ட்வேரில் இது சகஜம். அங்கே புதிதாக டைப் செய்யக் கூடாது, லீட் கார்டிலேயே இருக்கும் கன்வெர்ட் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் லீட் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் நீங்கி, கான்டாக்ட் உருவாகி, பழைய குறிப்புகளும் கூடவே போகும். அதே ஆள் ஏற்கெனவே கான்டாக்டில் இருந்தால் 'இவரோடு சேர்க்கவா' என்று கேட்கும். அங்கே நின்று படித்துப் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் 'புதிதாக உருவாக்கு' என்று போவதால்தான் முதல் அறிகுறியே பிறக்கிறது.

இரண்டாவது காரணம் டேக், அதாவது கார்டில் ஒட்டும் அடையாளச் சொல். 'லீட்' என்று ஒரு டேக், வாங்கியதும் 'கஸ்டமர்' என்று இன்னொரு டேக். முன்னதை யாரும் எடுப்பதில்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். நிலையைச் சொல்ல டேக் வைக்காதீர்கள். ஒரே ஒரு பதிலை மட்டும் தேர்வு செய்யக்கூடிய கட்டம் வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது தானாகப் போய்விட வேண்டும். டேக் என்பது 'தக்காளி', 'ரோஜா பசுமைக்குடில்', 'மா' மாதிரி ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பொருந்தக்கூடிய விஷயங்களுக்கு மட்டும்.

சலுகை அனுப்பும் முன் ஒரு வடிகட்டி: 'நிலை லீட்' என்று மட்டும் கேட்காமல், 'இதுவரை பில் எதுவும் இல்லை' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பில்லிங் தனி சாஃப்ட்வேரில் இருந்தால், முதல் பில் தேதிக்கு ஒரு கட்டம் வைத்து அதைக் கையால் நிரப்பினால்கூடப் போதும். நிலை தப்பாக இருக்கலாம், பில் தேதி பெரும்பாலும் தப்பாக இருக்காது.

அறிகுறி: கன்வெர்ட் செய்ததும் பாதி விவரம் காணோம்

லீட் கார்டில் போர் ஆழம், நிலப்பரப்பு, பயிர், கரண்ட் சர்வீஸ் எத்தனை எச்பி என்று ஆசையாகக் கட்டங்கள் உருவாக்கியிருப்பீர்கள். கன்வெர்ட் ஆனதும் கான்டாக்டில் அவை இருக்காது. நீங்களாக உருவாக்கிய கட்டங்களுக்கு அந்தப் பக்கம் ஜோடிக் கட்டம் எது என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லாததுதான் காரணம். அமைப்பில் லீட் கன்வெர்ஷன் மேப்பிங் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே இடது பக்கத்துக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் வலது பக்கத்தில் இடம் காட்டுங்கள். ஆள் பற்றியது கான்டாக்டுக்கு, இந்த ஒரு வியாபாரம் பற்றியது டீலுக்கு (ஆளின் கார்டுக்குக் கீழே வரும் தனி என்ட்ரி). போர் ஆழம் நிலத்தைச் சார்ந்தது, வருடா வருடம் தேவைப்படும், எனவே கான்டாக்டுக்கு. 'எத்தனை எச்பி மோட்டார் கேட்டார்' என்பது டீலுக்கு. முதலில் ஒரு பொய்க் கார்டு உருவாக்கி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கன்வெர்ட் செய்து பார்த்த பிறகே உண்மைக் கார்டுகளில் கை வையுங்கள்.

அறிகுறி: லீட் ஏறிக்கொண்டே போகிறது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை

எல்லாக் கோளாறுகளிலும் நஷ்டம் அதிகமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திறந்த லீட்டை நிலை வாரியாக எண்ணுங்கள். 'பேசியாயிற்று' அல்லது 'ஃபாலோ-அப்' என்ற நிலையில் பெரும்பகுதி குவிந்திருந்தால், அந்த நிலைக்கு அர்த்தமே இல்லை என்று பொருள். எதையும் முடிவு செய்ய முடியாதபோது எல்லாரும் தள்ளிவிடும் இடம் அது.

நிலையின் பெயர் நீங்கள் செய்ததைச் சொல்லக் கூடாது, பார்ட்டி செய்ததைச் சொல்ல வேண்டும். 'கொட்டேஷன் அனுப்பினோம்' என்பது நம் வேலை, அதை வைத்து அவர் வாங்குவாரா என்று தெரியாது. 'நிலத்தை வந்து அளக்கச் சொன்னார்', 'சிட்டா, அடங்கல் கொடுத்தார்', 'அட்வான்ஸ் கட்டினார்' என்பவை அவர் எடுத்துவைத்த அடிகள். இந்த ஊர் வியாபாரத்துக்கு ஐந்து நிலை தாராளமாகப் போதும்: விசாரித்தார், அளக்கச் சொன்னார், காகிதம் கொடுத்தார், அட்வான்ஸ் கட்டினார், முடிந்தது. இதற்கு வெளியே இரண்டு: 'இப்போது இல்லை', 'வேண்டாம்'.

கடைசி இரண்டையும் பிரிக்காமல் விட்டதால்தான் பட்டியல் வீங்குகிறது. 'அறுவடை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு மா விவசாயி சொன்னால் அது மறுப்பு அல்ல. கிருஷ்ணகிரியில் மா மார்கழி, தையில் பூ எடுத்து, சித்திரையில் அறுவடை தொடங்கி, ஆனி, ஆடி வரை ஓடும். கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா ரகக் காய்க்குக் காசு கைக்கு வருவது அதற்கும் பிறகு. பங்குனியில் விசாரித்தவரை வாராவாரம் கூப்பிட்டு எரிச்சலூட்டுவதால் ஒன்றும் நடக்காது. அவரை 'இப்போது இல்லை' என்று மாற்றி, ஆடி கடைசியில் ஒரு தேதி போட்டு, திறந்த பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தேதியில் அவர் தானாக மேலே வருவார். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்குப் பணம் வருவது சீசனைப் பொறுத்ததைவிட மார்க்கெட் விலையைப் பொறுத்தது. அதனால் மா என்றால் மாதக் கணக்கு, தக்காளி என்றால் வாரக் கணக்கு. பயிர் என்ற கட்டம் கார்டில் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

'வேண்டாம்' என்று மூடும்போது காரணத்தைக் கட்டாயமாக்குங்கள்: விலை, வேறு கடையில் வாங்கிவிட்டார், போரில் தண்ணீர் இல்லை, மானியம் கிடைக்கவில்லை, தொடர்பு கிடைக்கவில்லை. இதற்கு மேல் போனால் பையன்கள் முதலில் இருப்பதையே எல்லாவற்றுக்கும் அழுத்துவார்கள். போரில் தண்ணீர் இல்லாமல் விட்டவர் மழைக்குப் பிறகு திரும்புவார். வேறு கடையில் வாங்கியவருக்கு ஒரு வருடம் கழித்து சர்வீஸ் தேவைப்படும். காரணம் பதிவாகியிருந்தால் யாரை, எப்போது கூப்பிடலாம் என்பது அதிலேயே கிடைத்துவிடும்.

ஏற்கெனவே குவிந்துகிடப்பதை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டாம். ஒரு வருடமாக எந்த அசைவும் இல்லாதவற்றை மொத்தமாக 'இப்போது இல்லை'க்கு மாற்றி, அடுத்த பருவத்தில் ஒரு தேதி போட்டுவிடுங்கள். அழிக்காதீர்கள். மூன்று வருடம் கழித்து அதே ஆள் போன் செய்யும்போது 'நீங்க அப்போ மூணு ஏக்கருக்குக் கேட்டீங்களே' என்று சொல்ல முடிந்தால் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும்.

அறிகுறி: கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் கூப்பிடவில்லை

குறிப்புக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். 'வெள்ளிக்கிழமை கால் பண்ணணும்' என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தில் எழுதியதைச் சாஃப்ட்வேர் நினைவூட்டாது. தேதி, தேதிக் கட்டத்தில் இருக்க வேண்டும். வேலை, யார் பெயரிலாவது இருக்க வேண்டும். 'ஆபீஸ்' என்ற பொதுப் பெயரில் போடப்பட்ட வேலையை யாரும் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை.

திறந்த டீல், ஆனால் அடுத்த வேலை எதுவும் இல்லை என்று ஒரு வடிகட்டி செய்து சேமித்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறந்ததும் முதலில் பார்க்க வேண்டிய திரை அதுதான். அது காலியாக இருந்தால் யாரும் விடுபடவில்லை என்று அர்த்தம்.

அறிகுறி: ஊர் வாரியாகத் தேடினால் பாதிப் பேர் வரவில்லை

நாளை மோட்டார் சைக்கிளில் காவேரிப்பட்டினம் பக்கம் போகிறோம், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறீர்கள். பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் நாலு பேர் வருகிறார்கள். காவேரிப்பட்டினம், காவேரிப்பட்டணம், ஓசூர், ஹோசூர், தருமபுரி, தர்மபுரி என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால் அப்படித்தான் வரும்.

மாவட்டத்திலும் ஒரு பொறி உண்டு. கிருஷ்ணகிரி 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய வாரன்டி கார்டு, பழைய பில் புக்கிலிருந்து ஏற்றிய கஸ்டமர்களுக்கு ஓசூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி எல்லாமே 'தர்மபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். அவர்கள் உங்களுடைய மிகப் பழைய, மிக நல்ல கஸ்டமர்கள். மாவட்டத்தை வைத்து வடிகட்டும்போது விடுபடுவதும் அவர்கள்தான்.

வட்டத்தை மட்டும் தேர்வுப்பட்டியலாக்கிவிடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு: கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. தருமபுரிக்கு: தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. வட்டம் தெரிந்தால் மாவட்டம் தானாகத் தெரியும், அதைக் கையால் எழுதவே விடாதீர்கள். கிராமப் பெயரை எழுதும் கட்டமாகவே விடலாம், எல்லாக் கிராமத்தையும் பட்டியலில் அடைக்க முடியாது.

பின்கோடை வைத்து மாவட்டம் பிரிக்கலாமே என்று தோன்றும். கிருஷ்ணகிரி டவுன் 635001, தருமபுரி டவுன் 636701 என்பதால் 635 அந்தப் பக்கம், 636 இந்தப் பக்கம் என்று நினைத்துவிடுவோம். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தின் பின்கோடு 635111. அதனால் பின்கோடு பார்சலுக்கு மட்டும், வடிகட்ட வட்டம்.

அறிகுறி: எக்செலிலிருந்து ஏற்றியபின் எண், பெயர், தேதி மூன்றும் கெட்டுவிட்டன

போன் நம்பர் 9.19443E+11 மாதிரி தெரிந்தால்: 91 சேர்த்த மொபைல் நம்பர் 12 இலக்கம். 11 இலக்கத்துக்கு மேல் போன எண்ணை எக்செல் பொது வடிவக் கட்டத்தில் இப்படிச் சுருக்கிக் காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த அந்தச் சுருக்கம்தான் கோப்பில் போய் உட்காரும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். லேண்ட்லைன் 04343-இன் முன்னால் இருக்கும் 0 உதிர்வதும் இப்படியே. அந்தக் கோப்பைச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், மூலக் கோப்புக்குத் திரும்புங்கள். இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், எக்செலில் டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து' என்ற வழியாக உள்ளே எடுத்து, நம்பர் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டால் எண் எண்ணாகவே நிற்கும்.

தமிழ்ப் பெயர்கள் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால்: கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, திறந்த விதம்தான் தவறு. அதே வழியில் எடுக்கும்போது கோப்பின் மூலம் என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போதும் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்து எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டால் அதை மீட்க முடியாது. பெயர்கள் ஆங்கிலக் கிறுக்கல் மாதிரி இருந்தால் அது வேறு வியாதி: டிடிபி சென்டரில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் டைப் செய்த பட்டியல் அது. யூனிகோடு மாற்றியில் ஒரு தடவை ஓட்டியபின் ஏற்றுங்கள்.

தேதி மாறினால்: ஏப்ரல் 5 என்று போட்டது மே 4 ஆகிவிட்டதா, மாதத்தின் 13-ஆம் தேதி முதல் உள்ளவை மட்டும் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் சாஃப்ட்வேர் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. ஏற்றும்போது தேதி வடிவம் கேட்கும் இடத்தில் நாள், மாதம், வருடம் என்று மாற்றுங்கள். அல்லது கோப்பிலேயே 2025-04-05 என்று வருடத்தை முதலில் எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

எதை ஏற்றினாலும் முதலில் பத்து வரி மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் மீதி.

அறிகுறி: கம்பெனியில் ஆள் மாறியதும் பழக்கமே அறுந்துபோகிறது

ஓசூர் சிப்காட்டில் உள்ள கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர்களுக்கு வருவது இது. பர்ச்சேஸ் அதிகாரி வேலை மாறிப் போகிறார். அவர் கார்டில் புது ஆளின் பெயரை எழுதி மேலே ஒட்டிவிடுகிறார்கள். போனவர் வேறு கம்பெனியில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய எண்ணும் உங்களிடம் இல்லை, அவர் கேட்டு வாங்கிய விலை விவரமும் யாருடையது என்று தெரியவில்லை.

கம்பெனிக்கு ஒரு கார்டு, அதற்குள் ஆட்கள் தனித்தனியாக: பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ், அக்கவுன்ட்ஸ். பில்லும் டீலும் கம்பெனிக் கார்டில் நிற்கட்டும். ஆள் மாறினால் பழையவரை 'முன்னாள்' என்று குறித்து, புதியவரைச் சேர்த்து, பழையவர் போன கம்பெனியை அவர் கார்டில் மாற்றுங்கள். அங்கே ஒரு புது வாசல் திறக்கிறது.

அறிகுறி: வாட்ஸ்அப்பில் ஒரு நிலை, சாஃப்ட்வேரில் வேறு நிலை

வாட்ஸ்அப் பிசினஸ் லேபிள் நல்ல வசதிதான், ஆனால் 20 லேபிளுக்கு மேல் வைக்க முடியாது, அது சாஃப்ட்வேரோடு தானாகப் பேசவும் பேசாது. இரண்டிலும் நிலையைப் பராமரிக்க முயன்றால் இரண்டும் பொய்யாகும். லேபிளை 'இன்று பதில் சொல்ல வேண்டும்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, நிலையைச் சாஃப்ட்வேரில் மட்டும் வையுங்கள்.

கூடவே இதையும் பாருங்கள்: 'மெசேஜ் அனுப்பாதீங்க' என்று ஒருவர் சொன்னால் அந்தக் குறி அவருடைய கார்டில் இருக்க வேண்டும், விசாரணை என்ட்ரியில் அல்ல. என்ட்ரியில் வைத்தால், அந்த விசாரணை மூடியதும் குறியும் மறைந்து, அடுத்த விசாரணையில் மறுபடி மெசேஜ் போய்விடும். கார்டுகளை இணைக்கும்போதும் ஒன்றில் அந்தக் குறி இருந்தால் இணைந்த கார்டிலும் இருக்க வேண்டும். விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேண்டாம் என்பவர் அதற்கென உள்ள 1909 என்ற எண்ணில் பதிவு செய்யவும் புகார் சொல்லவும் முடியும். அது இருக்கட்டும், ஒருவர் வாய்விட்டுச் சொன்னதை மதிப்பது நம் கடமை.

அறிகுறி: சேல்ஸ் பையன் நின்றதும் லீட்டும் நின்றுவிட்டது

அவர் சொந்த சிம்மில் பேசி, சொந்தப் போனில் சேமித்திருந்தால் திரும்ப வாங்க வழியில்லை. கடை சிம், கடை கூகுள் கணக்கு, இரண்டும் வேலைக்குச் சேரும் நாளிலேயே கொடுங்கள். போனில் புதிதாகச் சேமிக்கும் எண் அந்தக் கணக்கில்தான் விழ வேண்டும் என்று அமைத்துக்கொடுங்கள்.

சாஃப்ட்வேரில் அவருடைய லாகினை மூடும் முன் அவர் பெயரில் திறந்திருக்கும் டீல், தேதி போட்ட வேலைகள், 'இப்போது இல்லை' என்று தூங்கும் லீட்கள், மூன்றையும் வேறு ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். முதல் இரண்டும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். மூன்றாவதை மறந்துவிட்டால், ஆடியில் எழ வேண்டிய மா விவசாயிகளின் நினைவூட்டல்கள் மூடிய லாகினுக்குள் போய் விழும். மாற்றிய பிறகு புதிதாகப் பொறுப்பேற்றவர் ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு போன் போட்டுத் தன் பெயரைச் சொல்லட்டும். 'அண்ணா, இனிமே உங்க வேலையை நான்தான் பார்க்கிறேன், இது கடை நம்பர்' என்று சொன்னால் போதும். பேசி முடித்ததும் கார்டில் அன்றைய தேதியோடு ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த தேதியையும் அப்போதே போட்டுவிட வேண்டும்.